ஒயரில் ‘பீப்’ சத்தம் வந்தால் எல்லாம் ஓகேவா? கேபிள் டெஸ்டர்கள் சொல்வதும் சொல்லாததும்!

இந்திய நேரப்படி 2020 நவம்பர் 17 காலை. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ‘வேகா’ ராக்கெட் புறப்பட்டது. உள்ளே ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் இரண்டு செயற்கைக்கோள்கள். முதல் மூன்று நிலைகளும் கச்சிதமாக வேலை செய்தன. நான்காம் நிலை எஞ்சின் எரியத் தொடங்கியதும் ராக்கெட் பாதை மாறியது. புறப்பட்டு எட்டு நிமிடங்களில் கதை முடிந்துவிட்டது. இரண்டு செயற்கைக்கோள்களும் போயே போச்சு.

காரணம் என்ன தெரியுமா? எஞ்சினின் திசையைத் திருப்பும் இரண்டு ஆக்சுவேட்டர்களுக்குப் போகும் கேபிள்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்குப் போக வேண்டிய கட்டளை இன்னொன்றுக்குப் போனது. வடிவமைப்பில் கோளாறு எதுவும் இல்லை, இது மனிதத் தவறு என்று ராக்கெட்டை ஏவிய ஏரியான்ஸ்பேஸ் நிறுவனமே அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கேபிள் இடம் மாறினாலும் கரன்ட் அதன் வழியே போகத்தான் செய்யும். ஒரு மல்டிமீட்டரை அந்த கேபிளின் இரண்டு முனைகளில் வைத்தால் ‘பீப்’ என்று சத்தம் வரும். கருவி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்படும் கேள்வி அவ்வளவுதான்.

வீட்டு ஒயரிங்கில் இருந்து பைக், கார், இன்டர்நெட் கேபிள், ரயில்வே சிக்னல் வரை, ஒயரைச் சோதிக்க விதவிதமான டெஸ்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கருவி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரியாமல் போனால் என்ன நடக்கும்? பார்க்கலாம்.

ஒயரிங் ஹார்னெஸ் என்றால் என்ன?

மெக்கானிக் கடைகளில் ‘ஒயரிங் செட்’, ‘ஒயரிங் கிட்’ என்பார்களே, அதுதான் ஹார்னெஸ். தனித்தனி ஒயர்களை அளவாக வெட்டி, முனைகளில் டெர்மினல் அடித்து, கப்ளரில் செருகி, டேப் சுற்றி ஒரே கட்டாக்கியது. மரத்தின் கிளைகள் மாதிரி, ஒரு தண்டிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒரு கிளை, ஹார்னுக்கு ஒரு கிளை, பின் விளக்குக்கு ஒரு கிளை எனப் பிரிந்து போகும்.

ஒரு நவீன காரில் உள்ள ஒயர்களை எல்லாம் நீட்டிப் போட்டால் கிலோமீட்டர் கணக்கில் வரும். ரோபோக்கள் வெல்டிங் அடிக்கும் காலத்திலும் ஹார்னெஸ் கட்டும் வேலை பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது. வளைந்து நெளியும் ஒயரைப் பிடித்துச் சரியான ஓட்டையில் செருகுவது மெஷினுக்கு இன்னும் கஷ்டமான வேலை. 2022-ல் உக்ரைன் மீதான போர் தொடங்கியதும் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ ஆலைகளில் உற்பத்தி தடுமாறியது நினைவிருக்கலாம். காரணம், அந்த கார்களுக்கான ஹார்னெஸ் உக்ரைன் ஆலைகளில் கையால் கட்டப்பட்டு வந்துகொண்டிருந்தது.

கையால் செய்யும் வேலை என்றால் தவறும் வரும். ஒரு கார் ஹார்னெஸில் நூற்றுக்கணக்கான இணைப்புகள். ஒன்று தப்பினாலும் கார் ஓடாது. அல்லது ஓடிக்கொண்டிருக்கும்போது நிற்கும். அதனால் டெஸ்ட் செய்யாமல் எந்த ஹார்னெஸும் ஆலையை விட்டு வெளியே வராது. அந்த டெஸ்ட் என்னென்ன கேட்கிறது என்பதை நான்கு கேள்விகளாகப் பிரிக்கலாம்.

கேள்வி 1: கரன்ட் போகுதா?

எல்லாருக்கும் தெரிந்த கருவி, ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்கும் டெஸ்டர். உள்ளே ஒரு சின்ன நியான் பல்பும், மிகக் குறைந்த கரன்ட்டை மட்டும் விடும் ரெசிஸ்டரும் இருக்கும். முனையை ஃபேஸில் வைத்து, தலையை விரலால் தொட்டால் நம் உடல் வழியாக மிக நுண்ணிய அளவு கரன்ட் போய் பல்பு எரியும்.

எரிந்தால் அங்கே வோல்டேஜ் இருக்கிறது. ஓகே. ஆனால் எரியவில்லை என்றால் ‘கரன்ட் இல்லை, கை வைக்கலாம்’ என்று அர்த்தமா? இல்லவே இல்லை. டெஸ்டர் பல்பு போயிருக்கலாம். ரப்பர் செருப்பு போட்டு மர ஸ்டூலில் நிற்பவருக்கு அது மங்கலாக எரிந்து வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இதனால்தான் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன்கள் முதலில் கரன்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைப்பார்கள். பிறகு மறுபடியும் பழைய பிளக்கிலேயே ஒருமுறை சரிபார்ப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எங்கோ நியூட்ரல் அறுந்து, அந்த லைனில் ஒரு ஃபேனோ பல்போ ஆனில் இருந்தால், பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். ‘ரெண்டுலயும் கரன்ட் வருது, ஆனா எதுவும் ஓடல’ என்று வீட்டில் குழம்புவது இதனால்தான்.

அடுத்தது மல்டிமீட்டரின் கன்டினியூட்டி மோடு. இதை மின்சாரம் துண்டித்த ஒயரில்தான் பயன்படுத்த வேண்டும். மீட்டர் தன் பேட்டரியிலிருந்து மிகச் சிறிய கரன்ட்டை ஒயரின் ஒரு முனையில் அனுப்பி, மறுமுனையில் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் ‘பீப்’. ஒயர் நடுவில் அறுந்திருந்தால் அமைதி.

இந்த ‘பீப்’ மிகவும் பயனுள்ள சத்தம்தான். ஒயர் அறுந்ததைக் கண்டுபிடிக்க இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் பெரும்பாலானவர்கள் சோதனையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதும் இங்கேதான்.

கேள்வி 2: போதுமான அளவு போகுதா?

கார் ஹெட்லைட் மங்கலாக எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பு புதுசு. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒயரில் மீட்டர் வைத்தால் ‘பீப்’. அப்போ பிரச்னை எங்கே?

சிம்பிளாகச் சொன்னால், தண்ணீர்க் குழாயின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பது மாதிரிதான் கன்டினியூட்டி டெஸ்ட். குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் ஊதும் காற்று மறுபக்கம் வந்துவிடும். தண்ணீர் திறந்துவிட்டால்தான் ‘நூல் மாதிரி ஒழுகுது’ என்று தெரியும்.

மல்டிமீட்டரின் பஸ்ஸர் மாடலைப் பொறுத்து 30, 50 ஓம் வரைகூடச் சத்தம் போடும். ஆனால் ஹெட்லைட்டுக்கு அரை ஓம் தடையே அதிகம். கணக்கைப் பார்ப்போம். 12 வோல்ட்டில் எரியும் 55 வாட் ஹாலஜன் பல்பின் தடை சுமார் 2.6 ஓம். கப்ளரில் பச்சைக் களிம்பு பிடித்து அங்கே 0.5 ஓம் தடை சேர்ந்துவிட்டால், 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட் அந்த இடத்திலேயே காணாமல் போகும். பல்புக்குக் கிடைப்பது 10 வோல்ட். ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் பல மடங்கு அடிவாங்கும். இங்கே கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

காணாமல் போன அந்த 2 வோல்ட் எங்கே போகிறது? சூடாகிறது. அந்தச் சின்ன கப்ளருக்குள் சுமார் 7 வாட் வெப்பம். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டினால் பிளாஸ்டிக் உருகும், டெர்மினல் கறுத்துப்போகும். சூட்டில் டெர்மினலின் பிடி தளரும், பிடி தளர்ந்தால் தடை இன்னும் கூடும், சூடும் கூடும். ‘லூஸ் கான்டாக்ட்’ தீ விபத்தாக மாறும் வழி இதுதான். ஷார்ட் ஆகவில்லை என்பதால் ஃபியூஸ் போகாது. கரன்ட் கூடவில்லையே, குறைந்துதானே இருக்கிறது!

ஸ்டார்ட்டர் மோட்டார் விஷயத்தில் இது இன்னும் மோசம். கார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றால், பேட்டரி கேபிளில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காலி. சாதாரண மல்டிமீட்டரால் 0.02 ஓமை அளக்கவே முடியாது. அதன் புரோப் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு.

தீர்வு? ‘வோல்டேஜ் டிராப்’ சோதனை. மீட்டரை வோல்ட் மோடில் வைத்து, ஒரு புரோபை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், இன்னொன்றை ஸ்டார்ட்டர் மோட்டாரின் பாசிட்டிவ் முனையிலும் வைத்துக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். மீட்டர் காட்டுவது, அந்த கேபிள் ‘தின்னும்’ வோல்டேஜ். அரை வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ அதன் இணைப்பிலோ கோளாறு என்பது மெக்கானிக்குகளின் பொதுவான கணக்கு. இதே சோதனையை எர்த் பக்கமும் செய்ய வேண்டும். பேட்டரி நெகட்டிவில் ஒரு புரோப், எஞ்சின் பாடியில் ஒரு புரோப். பல வண்டிகளில் குற்றவாளி பாடி எர்த்தில்தான் ஒளிந்திருப்பார்!

ஆலைகளில் ‘நான்கு ஒயர் முறை’யைப் பயன்படுத்துகிறார்கள். கரன்ட்டை அனுப்ப இரண்டு ஒயர், வோல்டேஜை அளக்கத் தனியாக இரண்டு ஒயர். புரோபின் தடை கணக்கில் சேராது என்பதால் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கலாம். விஞ்ஞானி கெல்வின் பெயரில் ‘கெல்வின் முறை’ என்றும் இதைச் சொல்வார்கள்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. டெர்மினல் அடிக்கும்போது ஒயரின் இழைகளில் பாதி வெட்டுப்பட்டிருந்தாலும், மீதிப் பாதி கரன்ட்டைக் கடத்தும். இன்று எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆறு மாத அதிர்வில் மிச்சமும் அறுந்துவிடும். அதனால்தான் கிரிம்ப்பிங் செய்த டெர்மினல்களில் சிலவற்றை மாதிரிக்கு எடுத்து, பிடித்து இழுத்து, எவ்வளவு விசையில் பிய்த்துக்கொண்டு வருகிறது என்று பார்க்கிறார்கள். கேபிள், ஹார்னெஸ் தயாரிப்புக்கென்றே உருவான ஐ.பி.சி ஏ-620 என்ற தரவிதி 2002 முதல் இருக்கிறது. எந்த கிரிம்ப்பிங்கை ஏற்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்பதை அது விளக்குகிறது. மின்சாரத்தால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்ணும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வி 3: போகக்கூடாத இடத்துக்குப் போகுதா?

ஒயரின் வேலை கரன்ட்டைக் கொண்டுபோவது மட்டும் இல்லை. வழியில் வேறு எங்கும் கசியவிடாமல் கொண்டுபோவதும்தான். அதற்குத்தான் மேலே இன்சுலேஷன். எலி கடித்தால், வெயிலில் காய்ந்து வெடித்தால், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் அது பலவீனமாகும்.

இதையும் மல்டிமீட்டரில் பார்க்கலாமே என்று தோன்றும். இரண்டு ஒயர்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் காட்டிவிடும். ஆனால் மல்டிமீட்டர் சோதிப்பது ஒரு சில வோல்ட்டில். வீட்டு ஒயரில் ஓடப்போவது 230 வோல்ட். ஒரு சில வோல்ட்டுக்குத் தாக்குப்பிடிக்கும் இன்சுலேஷன் 230 வோல்ட்டில் கசியாது என்று சொல்ல முடியாது.

பஞ்சர் கடையில் ட்யூபை எப்படிச் சோதிக்கிறார்கள்? காற்றடித்து உப்ப வைத்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவார்கள். காற்றில்லாத ட்யூபைத் தண்ணீரில் போட்டால் ஊசித்துளை தெரியாது. அழுத்தம் கொடுத்தால்தான் குமிழ் வரும். ஒயருக்கு அப்படி அழுத்தம் கொடுக்கும் கருவிதான் இன்சுலேஷன் டெஸ்டர். நம்மூரில் எல்லாரும் ‘மெக்கர்’ என்பார்கள். 1903-ல் பதிவான ஒரு பிரிட்டிஷ் வணிகப் பெயர் அது. ஜெராக்ஸ் மாதிரி கருவிக்கே பெயராகிவிட்டது. பழைய மாடலில் கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் ஜெனரேட்டர் வோல்டேஜ் உண்டாக்கும். இப்போது பேட்டரியில் பட்டனை அமுக்கினால் போதும்.

வீட்டு ஒயரிங்கை மெக்கர் 500 வோல்ட் டி.சி-யில் சோதிக்கும். ஐ.இ.சி 60364 என்ற சர்வதேசத் தரவிதிப்படி, ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம், அதாவது 10 லட்சம் ஓம் தடை இருக்க வேண்டும். 1 மெகா ஓம் இருந்தால் 230 வோல்ட்டில் கசிவு கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதுவே ஈரம் பிடித்து 10 ஆயிரம் ஓமாகக் குறைந்துவிட்டால் கசிவு 23 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி போட்ட வீட்டில், மழை நாளில் காரணமே தெரியாமல் அடிக்கடி டிரிப் ஆவதற்கு இப்படியொரு கசிவு காரணமாக இருக்கலாம். டிரிப் ஆகுது என்று எரிச்சலில் அதை பைபாஸ் செய்பவர்கள், எச்சரிக்கை மணியைக் கழற்றி எறிகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

2015, 2023 டிசம்பர் மாதங்களில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் புகுந்த வீடுகளுக்கும் வண்டிகளுக்கும் இது நேரடியாகப் பொருந்தும். வெள்ளம் வடிந்து, சுவர் காய்ந்த மாதிரி தெரிந்தாலும், பைப்புக்குள்ளும் ஜங்ஷன் பாக்ஸுக்குள்ளும் ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மெயினை ஆன் செய்வதற்கு முன் எலக்ட்ரீஷியனை மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்வது, உயிரைக் காப்பாற்றும் சோதனை.

மின்சார வாகனங்களில் ஆரஞ்சு நிறத்தில் தடிமனான கேபிள்களைப் பார்த்திருப்பீர்கள். அவை உயர் வோல்டேஜ் கேபிள்கள் என்பதற்கான அடையாளம் அந்த நிறம். இவற்றை ஆலையில் ‘ஹைபாட்’ என்ற கருவியால் சோதிப்பார்கள். வழக்கமாக ஓடும் வோல்டேஜைவிட மிக அதிகமாகக் கொடுத்து, இன்சுலேஷன் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பயிற்சி இல்லாதவர்கள் கிட்டயே போகக்கூடாத வேலை இது.

மெக்கரில் ஒரு எச்சரிக்கை முக்கியம். 500 வோல்ட்டை ஒயருக்குள் அனுப்பும்போது மறுமுனையில் டி.வி, எல்.இ.டி பல்பு, காரின் ஈ.சி.யு என எந்த எலக்ட்ரானிக்ஸும் இணைப்பில் இருக்கக்கூடாது. இருந்தால் சோதனையே அவற்றைக் கொன்றுவிடும்.

கேள்வி 4: சரியான இடத்துக்குத்தான் போகுதா?

கரன்ட் போகிறது. போதுமான அளவு போகிறது. எங்கும் கசியவில்லை. ஆனால் போக வேண்டிய இடத்துக்குத்தான் போகிறதா? ராக்கெட்டைக் கவிழ்த்தது இந்தக் கேள்விதான்.

வீட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. இன்டர்நெட் லேன் கேபிளில் 8 ஒயர்கள், இரண்டிரண்டாக முறுக்கிய 4 ஜோடிகள். ஒரு ஜோடி 1, 2-ம் பின்களுக்கும், அடுத்தது 3, 6-க்கும், மற்றவை 4, 5-க்கும் 7, 8-க்கும் போக வேண்டும். இது தெரியாதவர், வரிசையாக 1-2, 3-4, 5-6, 7-8 என்று இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடித்துவிடுகிறார். லைட் எரியும் மலிவு விலை டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை வரிசையாக அழகாக எரியும். ‘கேபிள் பக்கா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஆனால் 3-ம் 6-ம் வேறு வேறு ஜோடிகளைச் சேர்ந்த ஒயர்களாகிவிட்டன. முறுக்கலின் நோக்கமே, ஒரு ஜோடியின் சிக்னல் அடுத்த ஜோடியில் குறுக்கிடாமல் தடுப்பது. அது போய்விட்டதால் வேகம் குறையும், இணைப்பு விட்டுவிட்டு வரும். ‘ஸ்ப்ளிட் பேர்’ என்ற இந்தத் தவறை, சிக்னலை அனுப்பிக் குறுக்கீட்டை அளக்கும் விலை கூடிய டெஸ்டர்தான் பிடிக்கும்.

ஹார்னெஸ் ஆலைகளில் இந்தக் கேள்விக்கென்றே பெரிய டெஸ்ட் டேபிள் இருக்கும். ஹார்னெஸின் ஒவ்வொரு கப்ளரையும் அதற்கான எதிர்க் கப்ளரில் மாட்டுவார்கள். கம்ப்யூட்டர் ஒரு பின்னில் சிக்னல் கொடுத்து, மற்ற எல்லாப் பின்களிலும் எங்கெங்கே வருகிறது என்று பார்க்கும். வர வேண்டிய இடத்தில் வரவில்லை என்றால் அறுந்திருக்கிறது. வரக்கூடாத இடத்திலும் வந்தால் ஷார்ட். வேறு இடத்தில் வந்தால் இடம் மாறியிருக்கிறது. நூற்றுக்கணக்கான இணைப்புகளைச் சில நொடிகளில் பார்த்துவிடும். டெர்மினல் முழுதாக உள்ளே போய் லாக் ஆகியிருக்கிறதா என்று ஸ்பிரிங் பின்னால் அழுத்தியும் பார்க்கும். எல்லாம் சரி என்றால்தான் கப்ளரை விடுவிக்கும் வகையில் டேபிளை அமைத்திருப்பார்கள்.

இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பல டெஸ்டர்கள், சரியாகச் செய்த ஒரு ‘மாஸ்டர்’ ஹார்னெஸை மாட்டி, அதிலிருந்து இணைப்புகளைக் கற்றுக்கொள்ளும். அந்த மாஸ்டரிலேயே தவறு இருந்தால்? அதே தவறோடு வரும் எல்லா ஹார்னெஸும் பாஸ், சரியாகக் கட்டியது ஃபெயில்! அதனால் மாஸ்டரை வரைபடத்தோடு தனியாக ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, எங்கே அறுந்திருக்கு?

ஒயர் அறுந்தது தெரிந்துவிட்டது. ஆனால் 2 கிலோமீட்டர் கேபிள் மண்ணுக்கடியில் புதைந்திருந்தால் எங்கே தோண்டுவது? இதற்கு டி.டி.ஆர் என்ற கருவி இருக்கிறது. மலைக்கு எதிரே நின்று கத்தினால் எதிரொலி வருகிற நேரத்தை வைத்து மலையின் தூரத்தைச் சொல்லலாம் இல்லையா, அதே உத்திதான். கேபிளுக்குள் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பினால், அறுந்த இடத்தில் மோதித் திரும்பி வரும். கேபிளுக்குள் சிக்னல், ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மைக்ரோ நொடியில் எதிரொலி வந்தால் கோளாறு 100 மீட்டர் தூரத்தில். தெரு முழுக்கத் தோண்டாமல் ஒரு குழியோடு வேலை முடியும்.

டெஸ்டருக்கே தெரியாத ஒயர்

நான்கு கேள்விகளையும் கேட்டாகிவிட்டது. இனி தவறே நடக்காதா? 1988 டிசம்பர் 12 அன்று லண்டனில் நடந்ததைப் பார்ப்போம்.

கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே காலை நேர ரயில் ஒன்று, முன்னால் நின்றிருந்த இன்னொரு ரயில் மீது மோதியது. காலியாக வந்த மூன்றாவது ரயிலும் சிக்கியது. 35 பேர் உயிரிழந்தனர். சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை.

விசாரணையில் தெரிந்தது இது: இரண்டு வாரங்களுக்கு முன் ரிலே அறையில் புது ஒயர் போட்ட டெக்னீஷியன், பழைய ஒயரின் ஒரு முனையைக் கழற்றாமல் விட்டுவிட்டார். மறுமுனையைக் கழற்றினாலும் வெட்டவில்லை, சரியாக மூடவும் இல்லை. ஒதுக்கி மட்டும் வைத்தார். அன்று அது எதையும் தொடவில்லை. அன்று எந்த மீட்டரை வைத்திருந்தாலும் ஷார்ட் காட்டியிருக்காது. விபத்துக்கு முந்தைய நாள், பக்கத்து ரிலேவில் வேறு வேலை நடந்தபோது அந்தப் பழைய ஒயர் அசைந்து, தன் பழைய டெர்மினலையே தொட்டது. சிக்னலுக்குத் தவறான கரன்ட் போனது.

இதைப் பிடித்திருக்கக்கூடிய சோதனை எது தெரியுமா? ஒயர்களை எண்ணுவது. ஆமாம், வெறும் எண்ணிக்கை. வரைபடப்படி இந்த டெர்மினலில் எத்தனை ஒயர் இருக்க வேண்டும், உண்மையில் எத்தனை இருக்கிறது என்று, வேலை செய்தவர் அல்லாத இன்னொருவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அது நடக்கவே இல்லை. அந்த டெக்னீஷியன் அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை எடுத்திருந்தார் என்பதையும் விசாரணை அறிக்கை பதிவு செய்தது. அந்தப் பழக்கத்தை அவர் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தும், யாரும் அவருக்குத் திருத்திச் சொல்லவில்லை.

35 ஆண்டுகள் கழித்து, நம் நாட்டில் வேறு வடிவில் அதே பாடம் வந்தது. 2023 ஜூன் 2. சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் பாஹாநாகா பஜார் ரயில் நிலையத்தில் மெயின் லைனுக்கான பச்சை சிக்னலைப் பார்த்து வேகமாக வந்தது. ஆனால் தண்டவாளம் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே நின்ற சரக்கு ரயில் மீது மோதியது. எதிர்த்திசையில் சென்ற யஷ்வந்த்பூர் - ஹவுரா ரயிலும் சிக்கியது. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்யப்பட்ட மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டின் தடுப்பை மாற்றும் பணியிலும் நடந்த தவறுகளே காரணம் என ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கூறியதாக, நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தெரிவித்தது. ஒயர்களின் பெயர்க்குறிப்பு தவறாக இருந்ததையும் விசாரணை சுட்டிக்காட்டியது. 2022 மே மாதம் காரக்பூர் கோட்டத்தில், தவறான ஒயரிங்கால் இதேபோன்ற ஒரு சம்பவம் ஏற்கெனவே நடந்திருந்தது. அப்போதே நடவடிக்கை எடுத்திருந்தால் இந்த விபத்து நடந்திருக்காது என்பதும் அந்த அறிக்கையின் கருத்து.

லேபிள் தவறாக இருக்கும் ஒயரில் கன்டினியூட்டி சரியாக இருக்கும். இன்சுலேஷன் சரியாக இருக்கும். தப்பு ஒயரில் இல்லை, அதன் மேல் எழுதியிருக்கும் எழுத்தில். அதை எந்த மீட்டரும் படிக்காது. சிக்னலைப் பச்சையாக்கி, தண்டவாளம் உண்மையில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நேரில் பார்க்கும் முழுச் சோதனையில்தான் இது வெளிப்படும்.

வீட்டிலும் வண்டியிலும் கவனிக்க...

* டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி ஒயரைத் தொட வேண்டாம். மெயினை ஆஃப் செய்து, கரன்ட் இருக்கும் இடத்தில் டெஸ்டரைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

* கன்டினியூட்டி, ஓம் மோடுகளை கரன்ட் உள்ள ஒயரில் வைக்கக்கூடாது. மீட்டர் மட்டும் போகாது, ஆளுக்கும் ஆபத்து.

* விளக்கு மங்கல், ஹார்ன் மெதுவாக ஒலிப்பது, ஸ்டார்ட்டர் இழுக்காதது போன்ற பிரச்னைகளுக்கு ‘பீப்’ போதாது. லோடு ஓடும்போது வோல்டேஜ் டிராப் பார்க்கச் சொல்லுங்கள். பேட்டரியை மாற்றும் செலவு மிச்சமாகலாம்.

* விட்டுவிட்டு வரும் கோளாறு என்றால், மீட்டரை வைத்துக்கொண்டே ஒயரையும் கப்ளரையும் லேசாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அசையாமல் இருக்கும்போது ஓகே காட்டும் ஒயர், வண்டி குலுங்கும்போது கைவிரிக்கும்.

* காரில் மஞ்சள் நிறக் கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கானவை. அவற்றில் மல்டிமீட்டரோ டெஸ்ட் லேம்ப்போ வைக்கக்கூடாது. ஏர்பேக் வெடித்துத் திறக்க வாய்ப்பு உண்டு. ஆரஞ்சு கேபிளைத் தொடவே வேண்டாம்.

* ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். அது ‘ஒயரில் ஏதோ சரியில்லை’ என்று சொல்லும் டெஸ்டர். வாயை அடைத்தால் அடுத்து ஒயர்தான் எரியும்.

* வேலை முடிந்ததும் பயன்படாத ஒயரை வெறுமனே ஒதுக்கி வைக்காமல், இரண்டு முனையையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். எடுக்க முடியாவிட்டால் முனையை முறையாக இன்சுலேட் செய்ய வேண்டும். கிளாப்ஹாம் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

* புது ஒயரிங் போட்டால், எந்த ஸ்விட்ச், எந்த எம்.சி.பி எதற்கு என்று லேபிள் ஒட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஆஃப் செய்து அது உண்மைதானா என்று நீங்களே பாருங்கள். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

இன்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. வாங்கி வைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அது ‘பீப்’ என்று சொன்னதும் மூடி வைத்துவிடாமல், இப்போது எந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது, எந்தக் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்தப் பாக்கிக் கேள்வியைக் கேட்க, வேலை செய்தவரைத் தவிர இன்னொரு ஜோடிக் கண்கள் இருந்தால் இன்னும் நல்லது.